எட்டிப்பார் கையேடு எழுதப்பட்ட வரலாறு

வெயிலாம்பட்டியில் ஐஸ்கிரீம் கம்பெனி ஆரம்பித்தவரைப் பார்த்து அந்தக் காலத்தில் ஊரே சிரித்ததாம். சிரித்த வாய்க்கெல்லாம் ஐஸ்கிரீம் விற்று அவர் பெரிய ஆளாகிவிட்டார். கம்பெனிக்கு மார்கழி ஐஸ்கிரீம் என்று பெயர். இப்போது அதை நடத்துவது அவருடைய மகள் சௌந்தரவல்லி அம்மாள்.

அம்மாளுக்குக் கண்ணால் பார்ப்பதில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. எழுத்தில் இருந்தால்தான் நம்புவார். வாசலில் மழை கொட்டினாலும், பேப்பரில் மழை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். மற்றபடி நல்ல நிர்வாகி.

அந்தக் கம்பெனியில் குளுகுளுவென்று இருக்கிற இடங்கள் இரண்டுதான். ஒன்று ஐஸ்கிரீம் அடுக்கி வைக்கும் குளிர் அறை. அதில் மனிதர் உட்கார முடியாது. இன்னொன்று கம்ப்யூட்டர் அறை. அதில் கனகசபாபதி உட்கார்ந்திருந்தார். மற்ற இடமெல்லாம் அசல் வெயிலாம்பட்டி. அதிலும் கோன் சுடுகிற செக்ஷன் இருக்கிறதே, அங்கே மத்தியானம் வரை அடுப்புக்கு முன்னால் நின்றால் கோனும் ஆளும் ஒரே நிறத்தில்தான் வெளியே வர முடியும்.

கனகசபாபதி கம்ப்யூட்டர் பகுதியின் தலைவர். தங்கமான மனிதர். அவருக்கு வியர்வை ஆகாது. கொஞ்சம் புழுக்கமாக இருந்தாலே முதுகு முழுக்க வேர்க்குரு பூத்துவிடும். சித்திரை மாதத்தில் யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் மண்டபத்தில் ஏசி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வாழ்த்துவார். அவரிடம் ஒரே ஒரு குறை, யாரையும் திட்டத் தெரியாது. அந்தக் குறை மட்டும் இல்லாமலிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அவருக்குக் கீழே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூத்தவன் உக்கிரபாண்டி. எதையும் யோசிக்காமல் பேசமாட்டான். யோசித்த பிறகு பேசுவதுதான் ஆபத்து. அடுத்தவன் நாகூர்கனி. எதற்கும் ஆதாரம் கேட்பவன். மூன்றாவது அமலபுஷ்பம். முத்து முத்தான கையெழுத்து, என்ன சொன்னாலும் அப்படியே எழுதிவிடுவாள். மூவரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினால் பாதியில் விடமாட்டார்கள். பலர் பாதியில் விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள், அப்போதும் விட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆளுக்கொரு பேரும் கடவுச்சொல்லும் உண்டு, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உள்ளே நுழைவது மனிதர்கள் மட்டுமில்லை. பில் அடிக்கிற புரோகிராம் ஒன்று நுழையும். குளிர் அறை சரியாகக் குளிர்கிறதா என்று பார்க்க ஒன்று, வேன் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒன்று, கடைக்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒன்று. இவற்றுக்கும் பேரும் கடவுச்சொல்லும் வேண்டுமல்லவா? அதற்குத்தான் சர்வீஸ் அக்கவுண்ட் என்று சொல்வது. வருஷக்கணக்கில் யார் யாரோ உண்டாக்கிவிட்டுப் போன சர்வீஸ் அக்கவுண்டுகள் மார்கழியில் எத்தனை இருக்கின்றன என்பது ஒருவருக்கும் தெரியாது. திருடன் ஒருவன் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாலும் தெரியாது.

முன்பு அங்கே இருந்த ரெங்கராஜு என்ற கெட்டிக்காரப் பையன் இதற்கென்று ஒரு கருவி செய்தான். ஒரு கட்டளையைத் தட்டினால் போதும், மூலை முடுக்கெல்லாம் தேடி அத்தனை சர்வீஸ் அக்கவுண்டையும் வரிசையாகக் காட்டிவிடும். தேடி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அதற்கு 'எட்டிப்பார்' என்று பெயர் வைத்தான். வைத்த கையோடு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எப்படி ஓட்டுவது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கெட்டிக்காரர்கள் எழுதி வைப்பதில்லை, அதனால்தான் மற்றவர்கள் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சௌந்தரவல்லி அம்மாள் கனகசபாபதியைக் கூப்பிட்டனுப்பினார்.

"சபாபதி, மதுரையில ஒரு பெரிய ஓட்டல்காரங்க அவங்க எல்லா ஓட்டலுக்கும் நம்ம ஐஸ்கிரீமைத்தான் எடுக்கிறோம்ங்கிறாங்க. அதுக்கு முன்னாடி நம்ம கம்ப்யூட்டரெல்லாம் பத்திரமா இருக்கான்னு பார்க்க ஒரு ஆடிட்டரை அனுப்பறாங்களாம். வர்ற புதன்கிழமை வர்றார். எட்டிப்பார்னு நம்மகிட்ட ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். அதுக்குக் கையேடு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லிட்டேன்."

"இல்லையேம்மா."

"அதான் புதன்கிழமை வரைக்கும் டயம் இருக்கே, எழுதுங்க. கையேட்டைப் பார்த்து ஒண்ணுமே தெரியாத ஆள்கூட அந்த லிஸ்டை வரவழைக்கணும். வரலைன்னு வச்சுக்கங்க, கோன் செக்ஷன்ல சூப்பர்வைசர் இடம் காலியாத்தான் இருக்கு."

கனகசபாபதிக்கு அந்த இடத்திலேயே முதுகு அரிக்க ஆரம்பித்தது. ஓடிவந்து மூவரையும் உட்கார வைத்தார்.

"பிள்ளைகளா, என் மானம் உங்க கையில இருக்கு. முதல்ல எட்டிப்பாரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. என்ன செய்றீங்களோ அதை அப்படியே எழுதுங்க. வரிசை மாறக் கூடாது. எதையும் விட்டுடக் கூடாது. நமக்குச் சின்ன விஷயமாத் தெரியும், புதுசா வர்றவனுக்கு அதுதான் பெருசா இருக்கும். லிஸ்ட் வந்ததும் படம் எடுத்துப் போடுங்க. படத்துல ரகசியம் ஏதாவது தெரிஞ்சா கறுப்பு அடிச்சு மறைச்சிடுங்க."

இதில் எந்த வார்த்தையிலும் குற்றம் இல்லை. எந்தக் கல்லூரியிலும் இதைத்தான் சொல்லித் தருவார்கள். ஆனால் கேட்டது அந்த மூன்று பேர். சொன்னதோடு நில்லாமல், ஆடிட்டர் தங்குவதற்கு ரூம் பார்க்க வேண்டுமென்று கனகசபாபதி வெளியே கிளம்பியும் விட்டார்.

உக்கிரபாண்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'எட்டிப்பார்' என்று தட்டினான். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. பசி வேளை என்பதால் அமலபுஷ்பம் டிபன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். ஏசிக் காற்று மூக்கில் ஏறி நாகூர்கனி ஒரு தும்மல் போட்டான். அந்த அதிர்ச்சியிலோ என்னவோ, சுவரில் இருந்த பல்லி ஒன்று பொத்தென்று கீபோர்டில் விழுந்து எழுந்து ஓடியது. உடனே கரண்ட் போயிற்று. விளக்கெல்லாம் அணைந்து, கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் கிய்யா கிய்யா என்று கத்திக்கொண்டு நின்றது. அந்த இருட்டில், திரையில், வரிசையாக லிஸ்ட் வந்து நின்றது.

"வந்துருச்சு!" என்று மூவரும் கைதட்டினார்கள். பிறகு எழுத உட்கார்ந்தார்கள்.

"எட்டிப்பார் என்று தட்டவும்" என்று எழுதிவிட்டு அமலபுஷ்பம் நிமிர்ந்தாள். "அடுத்து என்னண்ணே?"

"அடுத்து நீ டப்பாவைத் திறந்த."

"அது மத்தியானச் சாப்பாடுண்ணே. அதை எதுக்கு எழுதணும்?"

உக்கிரபாண்டி கண்ணை மூடி யோசித்தான். "தங்கச்சி, சார் என்ன சொன்னார்? நமக்குச் சின்ன விஷயமாத் தெரியும்னு சொன்னாரா இல்லையா? இப்ப இது உனக்குச் சின்ன விஷயமாத் தெரியுதா இல்லையா?"

"தெரியுதுண்ணே."

"அப்ப அதுதான் அது."

அமலபுஷ்பம் எலுமிச்சை சாதத்தை எழுதினாள். வறுவலையும் விடவில்லை.

"தும்மலு?" என்றாள்.

"தும்மலை நாம செய்யலையே, அதுவா வந்தது. செஞ்சதைத்தானே எழுதச் சொன்னார்" என்றான் உக்கிரபாண்டி.

நாகூர்கனிக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, நான் தும்முறதுக்கு முன்னாடி லிஸ்ட் இருந்துச்சா?"

"இல்ல."

"தும்மினப்புறம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தும்மாமலே வந்திருக்கும்ங்கிறதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

உக்கிரபாண்டியிடம் ஆதாரம் இல்லை. தும்மலும் ஏறியது. 'நாகூர்கனி தும்மவும்' என்று எழுதப் போன அமலபுஷ்பத்தை நாகூர்கனியே தடுத்தான். "ஒண்ணுமே தெரியாத ஆள்கூடச் செய்யணும். என் பேரைப் போட்டா அந்தாள் என்னைத் தேடிக்கிட்டு அலைவான். பொதுவா எழுது. தும்மல் வராதவங்க மூக்குப்பொடி போட்டுக்கலாம்னு சேர்த்துக்க." ஒத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களின் கஷ்டத்தை நினைத்துப் பார்க்கிற குணம் அவனுக்கு உண்டு.

பல்லி விஷயத்தில் சண்டை பெரிதாயிற்று. பல்லி விழுந்த பிறகுதான் கரண்ட் போனது, ஆகவே இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று உக்கிரபாண்டிக்குத் தோன்றியது. பஞ்சாங்கத்தை வாங்கிவரச் செய்து பல்லி விழும் பலனைப் பார்த்தான். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், முழங்காலில் விழுந்தால் என்று எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருந்தது. கீபோர்டுக்கு மட்டும் போடவில்லை.

"பழைய பஞ்சாங்கமா இருக்கும்ணே" என்றாள் அமலபுஷ்பம்.

"இந்த வருஷத்துதான். அப்படின்னா இதை இதுவரைக்கும் யாரும் எழுதலைன்னு அர்த்தம். நாமதான் முதல்ல எழுதுறோம்" என்றான் உக்கிரபாண்டி. மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது.

சுருக்கமாகச் சொன்னால், கையேடு கடைசியில் இப்படி அமைந்தது: எட்டிப்பார் என்று தட்டவும். எலுமிச்சை சாதம் உண்ணவும். தும்மவும். கீபோர்டின் மேல் பல்லி விழச் செய்யவும். கரண்ட் போகும்வரை காத்திருக்கவும். இப்போது இருட்டில் லிஸ்ட் தோன்றும்.

அடுத்தது படம். லிஸ்டில் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எதிரே அதன் ரகசிய சாவியான கடவுச்சொல்லும் தெரிந்தது. 'கறுப்பு அடிச்சு மறைச்சிடுங்க' என்று சார் சொல்லியிருந்தார். நாகூர்கனி மார்க்கர் பேனாவைத் திறந்து, திரையின் கண்ணாடி மேலேயே பட்டையாக ஒரு கோடு அடித்தான். சாவி மறைந்தது. திருப்தியாக லிஸ்டை மேலே தள்ளினான். சாவி கோட்டை விட்டு நழுவி வெளியே வந்து நின்றது.

"அண்ணே, ரகசியம் நகருது!"

"விடாதே, பிடி. அது எங்க நிக்குதோ அங்க அடி."

அடித்தான். மறுபடி தள்ளினான். மறுபடி வெளியே வந்தது. லிஸ்ட் முடிவதற்குள் திரையில் மூலையில் ஒரு கட்டைவிரல் அளவு இடம் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகிவிட்டது. அந்த இடத்தில் 'நன்றி' என்ற சொல்லின் பாதி தெரிந்தது. அதைப் படம் எடுத்து ஒட்டினார்கள்.

எழுதியது சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமே. திங்கட்கிழமை மறுபடி ஓட்டினார்கள். சாதம் ஆயிற்று, தும்மல் ஆயிற்று. பல்லியை நாகூர்கனி ஒரு பேமிலி பேக் டப்பாவில் பிடித்து, மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தான். அதுவும் ஆயிற்று. ஆனால் கரண்ட் போகவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு உக்கிரபாண்டி லைன்மேனுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, கரண்ட் எப்ப போகும்?"

"கரண்ட் இருக்கேப்பா."

"அது தெரியும் அண்ணாச்சி. எப்ப போகும்?"

"எல்லாரும் எப்ப வரும்னுதான்பா கேப்பாங்க. இத்தனை வருஷத்துல எப்ப போகும்னு கேட்ட முதல் ஆள் நீதான். வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று கேட்டுவிட்டு லைன்மேன் போனை வைத்துவிட்டார். இருந்தாலும் நல்ல மனுஷன். அரை மணி கழித்து அதுவாகவே கரண்ட் போனபோது போன் செய்து சந்தோஷமா என்றும் கேட்டார்.

வெயிலாம்பட்டியில் ஏசி ரூம் தேடி அலைந்துவிட்டு, செவ்வாய்க்கிழமைதான் கனகசபாபதி திரும்பிவந்தார். மேசை மேல் கையேடு தடியாக, அட்டை போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"லிஸ்ட் வருதா?"

"மூணு தடவை பார்த்துட்டோம் சார். கையேட்டுல உள்ளபடி செஞ்சா வந்தே தீருது."

மனிதர் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

புதன்கிழமை ஆடிட்டர் தாணுமாலயன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம். சௌந்தரவல்லி அம்மாளும் கூட வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்தார். கையேட்டைப் பார்த்துச் செய்வதற்கு வாட்ச்மேனைக் கூப்பிடட்டுமா என்று கனகசபாபதி கேட்டார்.

"வேண்டாம், நானே செய்றேன். எனக்குக் கம்ப்யூட்டர் சுத்தமாத் தெரியாது" என்றார் தாணுமாலயன்.

"நீங்க கம்ப்யூட்டர் ஆடிட்டர் இல்லையா சார்?"

"அதனாலதான். தெரிஞ்ச ஆளை அனுப்பினா கையேட்டுல விட்டுப்போனதை அவனே ஊகிச்சுச் செஞ்சிடுவான். நான் இதுல எழுதியிருக்கிறதைத் தவிர எதையும் செய்ய மாட்டேன். எழுதாதது நடந்தா அதைப் பார்க்கவும் மாட்டேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மனிதரை அவர்கள் வாழ்க்கையில் சந்தித்ததில்லை.

தாணுமாலயன் ஒற்றை விரலால் 'எட்டிப்பார்' என்று தட்டினார். பக்கத்தைப் புரட்டினார். "எலுமிச்சை சாதம் உண்ணவும்" என்று சத்தமாக வாசித்தார்.

கனகசபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அது வந்து, ஏதோ தவறுதலா..."

அதற்குள் அமலபுஷ்பம் வாழை இலையே விரித்துவிட்டாள். ஆடிட்டர் ஒரு வாய் வைத்தார், இரண்டாவது வாய் வைத்தார், வறுவலை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். "கையேட்டில் அளவு குறிப்பிடப்படவில்லை" என்று சொல்லி மூன்றாவது தடவையும் போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து மூக்குப்பொடியை உறிஞ்சி, சுவர் அதிரத் தும்மினார். அம்மாள் குறித்துக்கொண்டார்.

உக்கிரபாண்டி மேசை மேல் ஏறி டப்பாவைக் கவிழ்த்தான். பல்லி கீபோர்டை விட்டுவிட்டு ஆடிட்டர் தோளில் விழுந்தது. தாணுமாலயன் அசையவில்லை. பல்லி அவர் சட்டை வழியாக இறங்கி, கீபோர்டுக்கு வந்து, நிதானமாக அதன் மேல் நடந்து போயிற்று.

"தோள்ல விழுந்தா வெற்றின்னு சொல்வாங்க" என்றார் ஆடிட்டர். "அது கையேட்டில் இல்லை. ஆனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை."

இப்போது கரண்ட் போக வேண்டும். வெயிலாம்பட்டியில் கரண்ட் போவதற்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை, ஆனால் அன்றைக்கென்று பார்த்து அது அசையாமல் இருந்தது. இதற்கிடையில் எட்டிப்பார் தன் பாட்டுக்குத் தேடி முடித்துவிட்டது. திரையில் ஒட்டியிருந்த கறுப்புக்குப் பின்னாலிருந்து லிஸ்ட் வந்து நின்றது.

"சார்! லிஸ்ட் வந்துடுச்சு சார்!" என்று துள்ளினார் கனகசபாபதி.

தாணுமாலயன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "கையேட்டின்படி கரண்ட் இன்னும் போகலை. அதனால லிஸ்ட் இன்னும் வரலை. நான் பார்க்கலை."

"நானும் பார்க்கலை" என்று அம்மாளும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பி ஒரு தடவை பாருங்களேன் சார், கண்ணுக்கு முன்னாடி நிக்குது."

"சபாபதி" என்றார் அம்மாள் சுவரைப் பார்த்தபடியே, "கோன் செக்ஷனுக்கு உங்களுக்கு எந்த அளவுல ஏப்ரன் வேணும்?"

கனகசபாபதியின் முதுகில் வேர்க்குரு ஒவ்வொன்றாகக் கண் விழித்தது. யாரையும் திட்டத் தெரியாத அந்த மனிதர் அன்றைக்குக் கரண்டைத் திட்டினார், போகாததற்காக. பிறகு சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கொளுத்துகிற வெயிலில் கம்பெனியைச் சுற்றி ஓடி, மெயின் சுவிட்ச் இருக்கிற அறைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு கீழே இழுத்துவிட்டார்.

அறை இருண்டது. பேட்டரி கிய்யா கிய்யா என்றது. தாணுமாலயன் நாற்காலியைத் திருப்பினார். "இப்போது இருட்டில் லிஸ்ட் தோன்றும்" என்று டார்ச் வெளிச்சத்தில் வாசித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மூலையில் பாதி 'நன்றி' தெரிந்தது. கையேட்டில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அதிலும் மூலையில் பாதி 'நன்றி' தெரிந்தது.

"ஒரு மாற்றமும் இல்லை. ரகசியமும் வெளியே தெரியலை" என்றார். "அம்மா, நான் எத்தனையோ கம்பெனிக்குப் போயிருக்கேன். எல்லா இடத்திலும் எழுதியிருப்பது ஒண்ணு, நடப்பது ஒண்ணு. எழுதினது எழுதினபடியே நடந்ததை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." அட்டையில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். கீழே ஒரே ஒரு நிபந்தனை எழுதினார்: 'இதை வாரந்தோறும் செய்யவும்.'

ஓட்டல் ஆர்டர் கிடைத்தது. கனகசபாபதி கம்ப்யூட்டர் அறையிலேயே தங்கினார். சுபம் என்று போட்டுவிடலாம், அந்த 'வாரந்தோறும்' மட்டும் இல்லாமல் இருந்தால்.

திங்கட்கிழமை தோறும் அவர் மேற்பார்வையில் எட்டிப்பார் ஓடியது. சாதம் தின்று, பொடி போட்டு, பல்லி தப்பித்துப் போனால் அதைத் தேடி அலமாரிக்குப் பின்னால் தவழ்ந்து, கடைசியில் வெயிலில் மெயின் சுவிட்சுக்கு ஓடிப்போய், திரும்பி ஓடிவந்து, மனிதர் தொப்பலாக நனைந்துபோனார். பல்லியை மட்டுமாவது எடுத்துவிடலாமே என்று அம்மாளிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கையேடு சபாபதி. ஒரு எழுத்தைக் கிழிச்சாலும் அவர் மறுபடி வரணும்" என்றார் அம்மாள்.

ஒரு திங்கட்கிழமை ஓடி முடித்துவிட்டு வருகிற வழியில் கனகசபாபதி கோன் செக்ஷன் வாசலில் மூச்சு வாங்க நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மாவை ஊற்றினார்கள், மூடினார்கள், திறந்தார்கள், கோன் வந்தது. தும்மாமலே வந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. நேராக அம்மாளிடம் போய், "அந்தச் சூப்பர்வைசர் இடம் இன்னும் காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

விடைபெற வந்தபோது மூவரும் அழுதார்கள். கனகசபாபதிக்கும் பாசம் பொங்கிற்று. ஆனாலும் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று சொன்னார். "பிள்ளைகளா, எனக்காக ஒரே ஒரு உதவி. இனிமே எதையும் எழுதாதீங்க."

அவர் சொன்னதை மீறி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. அன்றிலிருந்து அமலபுஷ்பம் பேனாவைத் தொடவில்லை. மூவரும் தினமும் சரியான நேரத்துக்கு வந்தார்கள், சரியான நேரத்துக்குப் போனார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அதுவும் எழுத்துதானே.

மாதக் கடைசியில் சௌந்தரவல்லி அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். மூன்று பேர் மாதம் முழுக்க வேலைக்கே வரவில்லை என்று தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மூவரும் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அம்மாளின் கொள்கைதான் நமக்குத் தெரியுமே. மூவரையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, கம்ப்யூட்டர் பகுதிக்கு ஆட்கள் தேவை, நேரில் வரவும் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மூன்று பேர் நேரில் வந்தார்கள்.

"உங்க முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார் அம்மாள். "முன்அனுபவம் உண்டா?"

"உண்டும்மா. இதே கம்பெனியிலதான், இதே ரூம்லதான்" என்றான் உக்கிரபாண்டி.

"ஏன் விட்டீங்க?"

"நாங்க விடலைம்மா. நாங்க வரலைன்னு அவங்களா விட்டுட்டாங்க."

"வந்தீங்களா?"

"ஒரு நாள்கூடத் தவறாம வந்தோம்மா."

அம்மாள் பதிவேட்டை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இதுக்கு முன்னாடி இருந்த மூணு பேரும் சரியில்லை, மாசம் முழுக்க வரவே இல்லை. நீங்க வேலையில இல்லாதப்பவே தினமும் வந்திருக்கீங்க. உங்களைத்தான் எடுக்கணும்." உடனே உத்தரவு போட்டார். புது ஆட்களுக்குச் சொல்லித்தர அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று தோன்றியதால், கோன் செக்ஷன் கனகசபாபதியைப் பழைய இடத்துக்கே மாற்றி இன்னொரு உத்தரவும் போட்டார்.

கனகசபாபதி கையில் மாவோடு கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார். மூவரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

"சார், நாங்க மூணு பேரும் வேலைக்குப் புதுசு" என்றான் உக்கிரபாண்டி பணிவாக. "இங்க எட்டிப்பார்னு ஒண்ணு இருக்காமே, அதை எப்படி ஓட்டுறதுன்னு சொல்லுங்க. அமலபுஷ்பம் எழுதிக்குவா."

"எழுதாதீங்கன்னு சொல்லிட்டுத்தானேய்யா போனேன்!" என்று அலறினார் கனகசபாபதி.

நாகூர்கனி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "அது பழைய ஆளுங்ககிட்ட சொன்னது சார்" என்றான். அமலபுஷ்பம் பேனாவின் மூடியைத் திறந்து, முதல் வரியாக, 'எழுதாதீங்கன்னு சொல்லிட்டுத்தானேய்யா போனேன்' என்று முத்து முத்தாக எழுதினாள்.